முதல் சீட்டு எடுத்தவர்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சீலிங்கிலிருந்து கைப்பிடி அளவு காரை பெயர்ந்து குழம்புச் சட்டிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அத்தை எழுந்திருக்கவே இல்லை. விளக்குமாற்றை எடுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, "உக்காந்து சாப்புடுய்யா, இது தெனம் விழுறதுதான்" என்றார். அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி மூன்று வரிசையாகத் தெரிந்தது. அதற்குக் கீழேதான் அத்தை பாய் விரித்துப் படுக்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அப்புறம் நடந்ததெல்லாம் அந்தக் காரையிலிருந்துதான் ஆரம்பம்.

அது எண்பதுகளில் கட்டிய குடியிருப்பு. மதுரையில் வைகைக்குத் தெற்கே, இரண்டரை ஏக்கரில், தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாக எட்டு பிளாக், மொத்தம் 96 வீடு. ஒவ்வொன்றும் 380 சதுர அடி. மாமா மில் வேலையில் இருந்தபோது தவணை முறையில் ஒதுக்கீடு வாங்கினார். தவணையைக் கட்டி முடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிரயப் பத்திரம் மட்டும் வரவில்லை. பாதிப் பேருக்கு வந்தது, பாதிப் பேருக்கு ஏதோ கணக்கு நிலுவை என்று வராமலே போனது. அந்த அரசு அமைப்பின் பெயரையும் பின்னால் வந்த பில்டரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. விஷயம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதில் 96 குடும்பத்தின் வீடு இருக்கிறது.

அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, எங்கள் குடும்பத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியத்தின் பழைய பிளாக் ஒன்று 24 வீடுகளோடு அப்படியே சரிந்ததே, நினைவிருக்கும். விரிசலைப் பார்த்து எல்லோரும் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பியது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அத்தை வீட்டுக் கம்பிதான் கண்ணுக்குள் நின்றது. அரசு தன் பணத்தில் கட்டித் தரும் என்று காத்திருந்தால் எப்போது என்று தெரியாது. தனியாரிடம் பணம் இருக்கிறது, அரசிடம் நிலம் இருக்கிறது, சேர்ந்து செய்யட்டுமே என்று தோன்றியது. நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். பிளானையும் பத்திரத்தையும் பார்த்துப் பழகியவன். அதனால் குடியிருப்பில் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். நல்ல திட்டம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒவ்வொரு பிளாக்காகப் போய் நானே சொன்னேன்.

திட்டமும் கேட்பதற்கு நேராகத்தான் இருந்தது. எட்டு பிளாக்கையும் இடித்துவிட்டு, ஒரு ஓரத்தில் லிப்ட் வைத்த ஒரு கட்டடம். அதில் 96 குடும்பத்துக்கும் 410 சதுர அடியில் புது வீடு, ஒரு பைசா கட்ட வேண்டாம். மீதி இடத்தில் பில்டர் 140 வீடு கட்டி விற்றுக்கொள்வார். அந்த விற்பனையில்தான் எல்லாச் செலவும் அடங்க வேண்டும், அரசுக்கும் ஒரு பங்கு போகும். கட்டி முடிக்கிற 24 மாதத்துக்கு, குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகைப் பணம். கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டி, டீயும் வடையும் கொடுத்துச் சொன்னார்கள். படத்தில் மரமெல்லாம் இருந்தது. அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "சம்மதக் கடிதத்துல இப்பக் கையெழுத்துப் போடலப்பா, ஒரு வாரம் போகட்டும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தலையில் காரை விழுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதற்கு ஒரு வாரம்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமா தவறின பிறகு அந்த வீட்டிலிருந்தபடியே முப்பது வருஷமாக ஏலச் சீட்டு நடத்தினார். இருபது பேர், இருபது மாதம். பெரிய தொகையெல்லாம் கிடையாது. ஆனால் ஒரு சீட்டுகூட இடையில் நின்றதில்லை. நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருப்பார், ஆளுக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு ஒரு கோடு. ஐந்தாவதுவரைதான் படிப்பு. வட்டிக் கணக்கை மட்டும் நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்த ஒப்பந்த நகலைக் கொண்டுவரச் சொன்னார். ஆங்கிலத்தில் அறுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன் என்றேன். "முக்கியம் எதுன்னு நான் சொல்றேன், நீ முழுசாப் படி" என்றார். ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தரப்பு, அரசு அமைப்பு. இரண்டாம் தரப்பு, பில்டர். அத்தையும் மற்ற 95 குடும்பமும் எங்கே வருகிறார்கள் என்று கேட்டார். பத்தொன்பதாம் பக்கத்தில் வந்தார்கள். அங்கே அவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'பயனாளிகள்'.

தாமதமானால் என்ன என்ற பகுதிக்கு வர பத்தரை மணி ஆகிவிட்டது. இரண்டாம் தரப்பு 24 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் முதல் தரப்புக்கு இவ்வளவு சதவீதம் அபராதம் கட்ட வேண்டும் என்று இருந்தது. விற்பனை வீடு வாங்குகிறவர்களுக்குத் தாமதமாகிற ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி என்று இருந்தது. அது 2016 ரியல் எஸ்டேட் சட்டம் சொல்வதுதான், எழுதித்தான் ஆக வேண்டும். அத்தை, "எங்களுக்கு?" என்றார். நான் பக்கத்தைப் புரட்டினேன். முன்னால் போய்ப் பார்த்தேன், பின்னால் போய்ப் பார்த்தேன், இணைப்புகளைப் பார்த்தேன். வாடகைப் பணம் 24 மாதத்துக்கு என்று ஒரே வரி. இருபத்தைந்தாம் மாதம் என்ன என்று எங்கும் ஒரு சொல் இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தச் சீட்டு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "இந்தா பாரு. மொத மாசமே சீட்டு எடுக்கிறவன்கிட்ட நான் என்ன கேப்பேன்?"

"ஜாமீன்."

"எதுக்குக் கேப்பேன்?"

"பணத்தை வாங்கிட்டு மிச்ச மாசம் கட்டாமப் போயிட்டா..."

"ஆமா. கடைசிச் சீட்டு எடுக்கிறவனுக்கு ஜாமீன் வேணாம். அவன் எல்லாத்தையும் கட்டிட்டான். மொதச் சீட்டு எடுக்கிறவனுக்குத்தான் ஜாமீன். இங்க யாருய்யா மொதச் சீட்டு எடுக்கிறது? நாங்க வீட்டக் காலி பண்ணுன அன்னிக்கே இடம் அவிங்க கைக்குப் போயிருது. எங்களுக்கு வீடு வர்றது கடைசியில. அப்ப யாரு ஜாமீன் தரணும்? எங்கிட்டயில்ல கையெழுத்துக் கேக்குறாய்ங்க."

பதினோரு வருஷமாக நான் கடன் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அறுபதாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஜாமீன்தாரர் இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அதற்கு முந்தின ஒரு வாரத்தில் நாற்பது குடும்பத்திடம் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு திருநகருக்குத் திரும்பும்போது அந்த நாற்பது முகமும் ஒன்றொன்றாக வந்தது.

கணக்கில் வராத மாதங்கள்

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு குடும்பத்துக்கு 8,000 வீதம் 96 குடும்பத்துக்கு மாதம் 7,68,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு கோடியே 84 லட்சத்துச் சொச்சம். வேலை இன்னொரு இரண்டு வருஷம் இழுத்தால் இன்னொரு ஒரு கோடியே 84 லட்சம். அந்த இரண்டாவது தொகை, அந்த ஒப்பந்தத்தின்படி, பூக்கட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மில் பென்ஷன் வாங்குகிறவர்களின் பையிலிருந்து வர வேண்டும். இதில் வீட்டு அட்வான்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறுகிற செலவு, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறுவது எதுவும் சேரவில்லை. நிலம் கொடுக்கிறவரின் பங்கையும் பணம் போடுகிறவரின் பங்கையும் சதவீதமாக எழுதியிருந்தார்கள். வெளியே போய் வாடகைக்கு இருந்து காலத்தைப் போடுகிறவர்களின் பங்கு எங்கேயும் எழுதப்படவில்லை. அந்தக் காலம் இல்லாமல் அந்த இடத்தில் ஒரு செங்கல்கூட எழும்பாது. ஆள் இருக்கிற கட்டடத்தை இடிக்க முடியாதே.

நடுக்காலம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெரியார் பஸ் நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2019இல் இடித்தார்கள், 2021 டிசம்பரில்தான் திறந்தார்கள். அந்த நாட்களில் எந்தப் பஸ் எந்தத் தெரு முனையில் நிற்கும் என்று தேடி அலைந்ததை இன்னும் சொல்வார்கள். பஸ்ஸாவது வேறு தெருவில் நிற்கலாம், வீட்டுக்கு அப்படி ஒரு மாற்றுத் தெரு கிடையாது.

ஒப்பந்தத்தில் அவர்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போதுதான் மும்பை கோரேகாவில் பத்ரா சால் என்ற பழைய குடியிருப்பில் நடந்த கதையை முழுசாகப் படித்தேன். 672 குடும்பம். 2008இல் மகாராஷ்டிர வீட்டு வசதி வாரியமும் குடியிருப்பவர்களின் சங்கமும் பில்டரும் சேர்ந்து முத்தரப்பு ஒப்பந்தம் போட்டார்கள். அதாவது அந்தக் குடும்பங்கள் தரப்பாகவே இருந்தார்கள். வீட்டைக் காலி செய்து வெளியே போனார்கள். பில்டர் விற்பனை உரிமையை வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டு, இவர்களின் வீட்டைக் கட்டாமலே விட்டார். சில வருஷத்தில் வாடகைப் பணமும் நின்றது. 2018இல் வாரியம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பத்து வருஷத்துக்கு மேல் வாடகை வீட்டில் இருந்து, புது வீட்டைப் பார்க்காமலே செத்துப்போன பெரியவர்கள் அதில் உண்டு. அத்தையிடம் இதைச் சொன்னேன். "கையெழுத்துப் போட்டும் தெருவுலதானே நின்னாய்ங்க. பேரச் சேத்தாப் போதாதுய்யா, ஜாமீன் வேணும்" என்றார். அவர் பிடித்த இடத்திலேயே நின்றார்.

மும்பையை நம் ஊரோடு ஒப்பிடுவதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த மாதிரிக் கூட்டு எல்லாமே ஒரே கணக்கில்தான் ஓடுகிறது: விற்கிற வீட்டின் லாபத்தில் இலவச வீட்டைக் கட்டுவது. சிமென்ட்டும் கம்பியும் மும்பையிலும் மதுரையிலும் ஏறக்குறைய ஒரே விலை, மண்ணின் விலைதான் வேறே. அங்கே ஒரு வீட்டை விற்றால் கிடைக்கிற லாபத்துக்கு இங்கே எத்தனையோ வீடு விற்க வேண்டும். உயரமாகக் கட்டி ஈடுகட்டலாம் என்றால் பழைய நகரத்துக்குள் அதுவும் முடியாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்பது 1997லிருந்து இருக்கிற அரசாணை. கோபுரம் தெரிய வேண்டும் என்ற அந்த விதியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் மாசி வீதிகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் இடிந்து விழுகிற வீடுகளுக்கு எந்தப் பில்டரும் வரமாட்டார் என்பதும் அதனால்தான். அத்தையின் குடியிருப்பு அந்த வட்டத்துக்கு வெளியே இருந்ததால் தப்பியது.

நாடு முழுக்கவும் இதே கதைதான். பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2015 ஜூனில் வந்தபோது அதில் நாலு வழி வைத்தார்கள். குடிசைப் பகுதி நிலத்தையே மூலதனமாக்கி, தனியாரைக் கொண்டு அதே இடத்தில் கட்டுவது அதில் முதலாவது. வீட்டுக்கு ஒரு லட்சம் மத்திய மானியம். நாலு வழியில் மிகக் குறைவான வீடுகள் வந்தது அதில்தான். சொந்த மனையில் தானே கட்டிக்கொள்ள மானியம் கொடுத்த வழியில்தான் அதிக வீடு வந்தது. 2024 செப்டம்பரில் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியபோது அந்த முதல் வழியே பட்டியலில் இல்லை. இதைப் பார்த்து, தனியாரோடு கூட்டு என்பதே ஏமாற்று என்று என் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊருக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுசாகக் கட்டி அங்கே அனுப்புவதைவிட, இருக்கிற இடத்திலேயே கட்டித் தருகிற எந்த வழியும் எனக்கு மேல். விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டில் இருக்க வேண்டிய ஒருத்தியை ராஜாக்கூர் அடுக்குமாடிக்கு அனுப்பினால் அவள் வீட்டைப் பார்ப்பாளா, பிழைப்பைப் பார்ப்பாளா?

விளக்குத்தூண்

இந்த ஊருக்கு இந்த மாதிரிக் கூட்டு புதுசு இல்லை. அத்தை புடவை எடுக்க எப்போதும் விளக்குத்தூண் பக்கம்தான் போவார். அந்தத் தூண் யாருக்காக நிற்கிறது என்று அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிளாக்பர்ன் என்று ஒரு கலெக்டர். 1837 வாக்கில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தவர். அவருக்கு ஊர் மக்கள் நட்ட நினைவுத்தூண் அது. சுவரை இடிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். அவர் செய்த ஏற்பாடு இதுதான்: சுவரை உடைத்து அகழியை மேடாக்குகிறவருக்கு, அவர் மேடாக்கிய அந்த இடத்தையே வீட்டு மனையாகக் கொடுப்பது. நிலம் அரசுடையது, உழைப்பு ஜனங்களுடையது. அப்படிப் பிறந்ததுதான் வெளி வீதியும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். மாரட் நிலத்தை அளந்தவர், பெருமாள் வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி. ஒரு மேஸ்திரியின் பெயர் இத்தனை வருஷமாக ஒரு தெருவில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. வெள்ளைக்காரன் தர்மத்துக்குச் செய்தான் என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் மண்ணைச் சுமந்தவனுக்கு மண் கிடைத்தது, அவன் சுமந்த கூடை கணக்கில் வந்தது.

என் தாத்தா ஹார்வி மில் தொழிலாளி. திருப்பரங்குன்றம் போகிற வழியில் மில் தொழிலாளிகளுக்கென்று உருவான ஹார்விபட்டியில்தான் அப்பாவும் அத்தையும் பிறந்து வளர்ந்தார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டு, கடைசியில் வீடு அவர்களுடையதானது. கம்பெனி, கூட்டுறவு, தொழிலாளி மூன்று பேரும் அதில் இருந்தார்கள். தாத்தாவின் பாஸ்புத்தகத்தை அத்தை வெகுநாள் வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு மாதமும் ஒரு வரி. தான் போட்டது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாகூட விரலை வைத்துக் காட்டுவாராம்.

இப்போது வருகிற அறுபது பக்க ஒப்பந்தத்தில் அத்தை விரல் வைக்க ஒரு வரிகூட இல்லையே, அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கேட்டதும் கிடைத்ததும்

நான் பேசிவிட்டு வந்த நாற்பது வீட்டுக்கும் மறுபடியும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும், நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, படிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள், திட்டினது நியாயம். பி பிளாக்கில் ஒரு பெரியவர், "இனி நீ என்ன சொன்னாலும் நான் கேக்கப்போறதில்ல தம்பி" என்று கதவைச் சாத்தினார். அத்தை மட்டும் என்னைத் திட்டவில்லை. குடியிருப்போர் சங்கத்தை அவர்தான் கூட்டினார். முப்பது வருஷம் சீட்டு நடத்தின வீட்டுக்கு ஜனங்கள் வராமலா இருப்பார்கள்?

ஏழு மாதம் நடந்தது பேச்சு. சங்கத்தையும் மூன்றாம் தரப்பாகச் சேர்க்க வேண்டும். 24 மாத வாடகையை இடிப்பதற்கு முன்னாலேயே தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். சாவி கைக்கு வருகிறவரை வாடகை நிற்கக்கூடாது, அதற்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். இந்தக் கடைசியை நான் எடுத்துச் சொன்னபோது பில்டரின் ஆள், இதெல்லாம் பெரிய காண்ட்ராக்டில் கேட்பது, குடியிருப்பவர்கள் கேட்பதில்லை என்றார். அத்தை, "வங்கி உத்தரவாதம்னா என்னய்யா, ஜாமீன்தானே? எங்க சீட்டுல பூக்காரி தர்றா, நீங்க தரக்கூடாதா?" என்று கேட்டார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அரசுத் தரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அவர்தான் பின்னால் எங்களுக்காகப் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது. சங்கம் மூன்றாம் தரப்பானது. 24 மாத வாடகையும் கணக்கில் வந்தது. அதற்கு மேல் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும் உத்தரவாதம் தந்தார்கள். புதுக் கட்டடத்தின் பராமரிப்புக்கு ஒரு நிதி வைக்கச் சொன்னோம், மறுத்துவிட்டார்கள். பழைய பிளாக்கில் லிப்ட் இல்லை, பொது மோட்டாருக்குத் தவிர வேறு கரண்ட் பில் இல்லை. புதுக் கட்டடத்தில் லிப்ட் ஓட வேண்டும், ரிப்பேர் பார்க்க வேண்டும், அதற்கு மாதாமாதம் பணம் வேண்டும். இலவசமாக வந்த வீட்டை இந்தப் பராமரிப்புக் கட்டணம் கட்ட முடியாமலே விற்றுவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். கடன் பிரிவில் உட்கார்ந்து அந்தக் கதையை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டாவது மாடியில் லிப்ட் நின்றுபோனால் அறுபத்தெட்டு வயதில் அத்தை என்ன செய்வார் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

இதைவிடப் பெரிய தோல்வி ஒன்று. 96 வீட்டில் பதினேழு வீட்டில் சொந்தக்காரர்கள் இல்லை, வாடகைக்கு இருந்தவர்கள்தான். அத்தைக்கு எதிர் வீட்டில் ஒரு தையல்காரக் குடும்பம், பதினாலு வருஷமாக. எனக்குக் கல்யாணச் சட்டை தைத்தவர். அந்த வீட்டு ஒதுக்கீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். புது வீடும் அவருக்கு, வாடகைப் பணமும் அவருக்கு. தையல்காரருக்கு ஒரு மாத அவகாசம், அவ்வளவுதான். அவரையும் சேர்த்துப் பேசுவோம் என்று சங்கத்தில் நான் ஒருமுறைதான் சொன்னேன். அதைச் சேர்த்தால் மொத்தமும் கெடும், முதலில் நம்முடையது முடியட்டும் என்றார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவர் மெஷினை டிரை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு அத்தை கீழே இறங்கிப் போய் வழியனுப்பினார். நான் வேலைக்குப் போய்விட்டேன். கூட்டில் காலத்தைப் போடுகிறவர்களின் பங்கு கணக்கில் வரவில்லை என்று மேலே எழுதினேனே, தையல்காரரின் பதினாலு வருஷத்தை நாங்களும்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

அத்தை இப்போது ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் இருக்கிறார். வாடகை 9,500, மேலே வேண்டியதை நானும் தம்பியும் போடுகிறோம். மாதம் ஐந்தாம் தேதி 8,000 வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆட்டோவை அந்தப் பக்கம் விடச் சொல்கிறார். தகரத் தடுப்புக்கு இடையில் ஒரு சந்து இருக்கிறது, அது வழியாகப் பார்க்கலாம். போன வாரம் ஐந்தாவது மாடிக்குக் காங்கிரீட் போட்டிருந்தார்கள். மேலே இன்னும் நாலு மாடி இருக்கிறது. காலி செய்து 22 மாதம் ஆகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அத்தை சீட்டு நோட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். சீட்டை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறதே என்று எட்டிப் பார்த்தேன். கடைசி ஆளுக்கு அடுத்த பக்கத்தில், மேலே பில்டரின் பெயர், அதற்குக் கீழே ஜாமீன் என்று போட்டு வங்கியின் பெயர், அதற்கும் கீழே மாதத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு கோடு. அதற்குக் கீழே பக்கத்தின் அடிவரை கட்டம் கட்டிக் காலியாக விட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினாலு கட்டம். இரண்டு மாதம் வாடகை, பன்னிரண்டு மாதம் உத்தரவாதம்.

"அதுக்கு மேல போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அடுத்த பக்கம் காலியாத்தான்யா இருக்கு" என்று சொல்லி நோட்டை மூடி வைத்தார்.